கூரை இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால்: வாசகர் கேள்வி–பதில்

கொரோனா காலத்தில் நம் காதில் விழுந்த அறிவுரைகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வீட்டிலேயே இருங்கள். அடிக்கடி கை கழுவுங்கள். காய்ச்சல் வந்தால் தனி அறையில் படுங்கள். வழக்கமான மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதில் எதைக் கடைப்பிடிக்கவும் முதலில் ஒரு வீடு வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 17.7 லட்சம் பேருக்கு அது இல்லை. அவர்களில் 9.38 லட்சம் பேர் நகரங்களில் இருந்தவர்கள். அடுத்த தொற்று வருவதற்குள் என்ன செய்து வைக்கலாம் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, வீடற்றோர் காப்பகங்களிலும் தெருவோர முகாம்களிலும் வேலை பார்க்கும் செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் பதில் சொல்கிறார்கள்.

எங்கள் காப்பகக் கூடம் 60 அடி நீளம், 20 அடி அகலம். வழக்கமாக 35 பேர் படுக்கிறார்கள். தொற்றுக்காலத்தில் எத்தனை பேரை வைக்கலாம்? எப்படிப் படுக்க வைப்பது?
– காப்பகப் பொறுப்பாளர், திருவொற்றியூர்

சாதாரண நாளிலேயே 35 பேர் அதிகம். நகர்ப்புற வீடற்றோர் காப்பகங்களுக்கான மத்திய அரசின் திட்ட விதி, ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி என்கிறது. உங்கள் கூடம் 1,200 சதுர அடி. ஆக 24 பேர்தான். தொற்றுக்காலத்தில் இதையும் 20 ஆகக் குறைக்க வேண்டும். கணக்கு இதுதான்:

பாயின் அகலம் 3 அடி, நீளம் 6 அடி என்று வைத்துக்கொள்வோம். நீளச் சுவரை ஒட்டி, சுவருக்குக் குறுக்காகப் பாயைப் போடுங்கள். ஒரு பாய்க்கும் அடுத்த பாய்க்கும் இடையே 3 அடி விடுங்கள். ஆளுக்கு 6 அடி சுவர் என்றால் ஒரு பக்கத்துக்கு 10 பேர், இரண்டு பக்கமும் சேர்த்து 20 பேர். நடுவில் 8 அடி வழி கிடைக்கும். இதைக் காலியாகக் கண்டு இன்னொரு வரிசை போடத் தோன்றும். போடாதீர்கள். ராத்திரி கழிப்பறைக்குப் போகிறவர்கள் எல்லோர் முகத்தையும் உரசிக்கொண்டு போகாமல் இருக்க அந்த வழி வேண்டும்.

அடுத்து, தலைமாட்டை மாற்றி மாற்றி வையுங்கள். ஒருவர் தலை சுவர்ப் பக்கம் என்றால் பக்கத்துப் பாய்க்காரர் தலை நடுவழிப் பக்கம். இப்படிச் செய்தால் இரண்டு முகங்களுக்கும் நடுவே 7 அடிக்கு மேல் தூரம் வந்துவிடும். ஒரு காசு செலவில்லாத இந்த ஏற்பாடு பெரும்பாலும் இரண்டே நாளில் கலைந்துவிடுகிறது. காரணம் பை. தெருவில் தூங்கிப் பழகியவர் துணிப்பையையும் காசையும் தலைக்கடியில் வைத்து, தலையைச் சுவரோடு ஒட்டித்தான் படுப்பார். திருட்டுப் பயம். நடுவழிப் பக்கம் தலை வைக்கச் சொன்னால் எப்படி வைப்பார்? பூட்டுப் போடும் சின்ன இரும்புப் பெட்டியோ, எண் போட்டு அலுவலக அறையில் வைக்கும் சாக்குப்பையோ ஆளுக்கொன்று கொடுங்கள். அதற்குப் பிறகு தலைமாடு மாற்றச் சொன்னால் கேட்பார்கள்.

காற்று, தூரத்தைவிட முக்கியம். மூடிய அறையில் மின்விசிறி ஓடினால் கெட்ட காற்றே சுற்றிச் சுற்றி வரும். எதிரெதிர் சுவர்களில் உள்ள ஜன்னல்களை இரவு முழுக்கத் திறந்து வையுங்கள். ஒரு பக்க ஜன்னலில், முகம் வெளியே பார்த்தபடி ஒரு ஸ்டாண்டு ஃபேனை வைத்தால் அது உள்காற்றை வெளியே தள்ளும், எதிர்ப்பக்கத்திலிருந்து புதுக்காற்று வரும். ஜன்னலை ஏன் மூடுகிறார்கள் என்று கேட்டால் கொசு என்பார்கள். நியாயமான காரணம்தான். டெங்குவை வரவழைத்துக் கொரோனாவைத் தடுக்க முடியாது. கொசுவலை அடியுங்கள். தூசி அடைத்த வலையில் காற்று நுழையாது, ஆகவே மாதம் ஒருமுறை கழுவுங்கள். காய்ச்சல்காரருக்குத் தனி அறை இல்லையென்றால், காற்று வெளியேறும் அந்த ஜன்னலை ஒட்டிய மூலையைத் துணித்திரை போட்டு ஒதுக்குங்கள். காற்று உள்ளே வரும் பக்கம் அவரைப் படுக்க வைத்தால் கூடம் முழுக்கப் பரவும்.

வாசலில் வெப்பமானியை நெற்றிக்கு நேரே பிடித்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு பெரிய காப்பகத்தில் அறிகுறி பார்க்காமல் 408 பேருக்கும் பரிசோதனை செய்தார்கள். 147 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் காய்ச்சல் இருந்தது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு, இருமல் இருந்தது நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு. ஒருவருக்குத் தொற்று உறுதியானால் அன்றே கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும், சமையல்காரர், காவலாளி உட்பட, பரிசோதனை கேளுங்கள்.

ஊரடங்கின்போது எங்கள் தெரு இளைஞர்கள் தினமும் மதியம் 100 பொட்டலம் பிரியாணி கொடுத்தோம். பாதி வீணானதாகப் பிறகு தெரிந்தது. எங்கே தவறினோம்?
– எம்.எஸ்., புரசைவாக்கம்

தம்பிகளின் மனசில் குறையில்லை. நேரத்தில்தான் குறை. 2020 ஏப்ரல், மே மாதங்களில் சென்னையின் பெரிய சாலைகளில் மதியம் 12 மணி முதல் 2 மணிக்குள் நான்கைந்து வண்டிகள் அடுத்தடுத்து வந்தன. காலையிலும் இரவிலும் ஒன்றும் வரவில்லை. கையில் மூன்று பொட்டலம் இருப்பவர் ஒன்றைத் தின்று, மற்றதை இரவுக்கு எடுத்து வைப்பார். சித்திரை வெயிலில் காலை 11 மணிக்குக் கட்டிய இறைச்சிச் சோறு இரவு 8 மணிக்கு என்ன ஆகும்? வயிற்றுப்போக்கு வரும். கழிப்பறையும் பூட்டிக் கிடக்கும் நேரத்தில் வயிற்றுப்போக்கு எவ்வளவு பெரிய துன்பம் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த முறை முதலில் பேட்டையில் யார் யார் எந்த வேளைக்குக் கொடுக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். விடுபட்ட வேளையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது காலை 7 மணியாகவோ இரவு 8 மணியாகவோ இருக்கும். அம்மா உணவகம் பக்கத்தில் இருந்தால் அங்கே எது கிடைக்கிறது என்று பாருங்கள். 1 ரூபாய் இட்லி, 5 ரூபாய் சாம்பார் சாதம், 3 ரூபாய் தயிர் சாதம் என்று 2013இல் தொடங்கிய அந்த உணவகங்கள்தான் ஊரடங்கில் பலரைக் காப்பாற்றின, சில வாரங்கள் இலவசமாகவே கொடுத்தன. ஆனால் நடக்க முடியாத முதியவருக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உணவகம் இல்லாததற்குச் சமம். அங்கிருந்து வாங்கி அவர் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நல்ல வேலைதான்.

எடுத்து வைத்துச் சாப்பிடுவார்கள் என்று தெரிந்தால் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, சப்பாத்தி. தேங்காய்ச் சட்னி வேண்டாம். பல் இல்லாத பெரியவர்கள் நிறையப் பேர், அவர்களுக்குக் குழைந்த பொங்கலோ இட்லியோ. ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு லிட்டர் குடிநீர் கட்டாயம். கொடுக்கும் முன் கையில் தண்ணீர் ஊற்றுங்கள். வரிசையில் நிற்க வைக்காமல் நீங்களே இடம் தேடிப் போங்கள். வரிசை என்றால் கூட்டம், கூட்டத்தில் கடைசியாக நிற்பவர் எப்போதும் நடக்க முடியாதவர்தான்.

அரிசி, பருப்புப் பை கொடுத்தவர்களும் உண்டு. அடுப்பும் பாத்திரமும் இல்லாதவர் அதை என்ன செய்வார்? பாதி விலைக்கு விற்றார்கள். அதைக் குற்றமாகப் பேசியது சரியில்லை. 2020 ஏப்ரலில் அரசு கொடுத்த 1,000 ரூபாயும் அரிசி அட்டைக்குத்தான். அட்டைக்கு முகவரி வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றை முழுதாக ஒரு லிட்டரில் கலக்க வேண்டும். கால் பாட்டில் தண்ணீரில் முழுப் பொட்டலத்தைக் கொட்டினால் உப்பு கூடி ஆபத்தாகிவிடும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

மதுக்கடைகளை மூடினால் குடிப்பவர்களுக்கு நல்லதுதானே? ஊரடங்கில் பிளாட்பாரத்தில் சிலர் வலிப்பு வந்து விழுந்ததாகச் சொல்கிறார்களே?
– ஆர்.வி., ஆவடி

தினமும் காலையிலிருந்து குடித்துப் பழகிய உடலுக்குத் திடீர் நிறுத்தம் உயிராபத்து. 2020 மார்ச் 24 மாலை மூடிய மதுக்கடைகள் மே 7 வாக்கில் மாநிலத்தின் பல பகுதிகளில் திறந்து, மூடி, மீண்டும் திறந்தன. சென்னையில் ஆகஸ்ட் 18 வரை திறக்கவே இல்லை. வீட்டில் இருப்பவருக்குக் கை நடுங்கினால் மனைவியோ அம்மாவோ பார்ப்பார்கள். நடைபாதையில் படுத்திருப்பவரைக் கடந்து போகிறவர்கள் 'போதையில் உளறுகிறான்' என்று நினைத்துப் போய்விடுவார்கள். போதை இல்லாததால் உளறுகிறார் என்பது யாருக்கும் தோன்றாது.

கடைசியாகக் குடித்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். 6 மணி நேரம் முதல் ஒரு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை. 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில்தான் மிகக் கடுமையான கட்டம்: பூச்சி ஊர்வதாகவும் யாரோ கூப்பிடுவதாகவும் தோன்றும், நாள், இடம் தெரியாது, காய்ச்சல் அடிக்கும். தொற்றுக்காலத்தில் இந்தக் காய்ச்சலைத் தொற்று என்று நினைத்துத் தனிமை அறையில் பூட்டினால் உயிர் போகும்.

மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது குடித்தீர்கள்? காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்குமா? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருக்கிறதா? பின்னிரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், நடுக்கம் முற்றும் வரை காத்திருக்காதீர்கள். அங்கே மருத்துவரிடம் குடிப்பழக்கத்தைத் தயங்காமல் சொல்ல வேண்டும். இவர்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன் வைட்டமின் பி1 ஊசி போட வேண்டியிருக்கும், சொல்லாவிட்டால் மருத்துவருக்குத் தெரியாது.

வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது இரண்டும் வேண்டாம். தலைக்கடியில் துணியை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ 108. முதல் தடவை வந்த வலிப்பென்றால் நேரம் பார்க்காமல் கூப்பிடுங்கள்.

இன்னொரு விஷயம். குடி கிடைக்காதவர் சானிடைசர், வார்னிஷ், தின்னர் குடிக்கிறார். அதில் மெத்தனால் இருந்தால் கண்பார்வை போகும், உயிரும் போகும். பார்வை மங்குகிறது என்று சொன்னால் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது. இவர்கள் படுக்கும் இடங்களில் சானிடைசர் பாட்டில் கொடுக்காமல் சோப்புத் தண்ணீர் வையுங்கள். ஒன்றரை லிட்டர் பாட்டிலில் 30 கிராம் சலவைத்தூள் கலந்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பக்கத்தில் தண்ணீர்க் கேனோடு கட்டித் தொங்கவிடலாம். சோப்புக் கட்டி காணாமல் போகும், இதை யாரும் எடுத்துப் போவதில்லை.

'குடித்தவருக்கு இடமில்லை' என்று காப்பக வாசலில் எழுதியிருந்தால் தொற்றுக்காலத்திலாவது அதை எடுத்துவிடுங்கள். கதவருகே இரண்டு பாய் தனியாகப் போட்டு, இரவுக் காவலாளியின் கண்ணில் படும்படி படுக்க வையுங்கள்.

ப்ளீச்சிங் பவுடர் எவ்வளவு கலக்க வேண்டும்? ஆட்கள் மேலும் தெளிக்கலாமா?
– எஸ்., மாதவரம்

ஆட்கள் மேல் ஒருபோதும் கூடாது. 2020 மார்ச் மாதக் கடைசியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் ஊர் திரும்பிய தொழிலாளர்களைச் சாலையில் உட்கார வைத்துக் கிருமிநாசினியைப் பீய்ச்சினார்கள். கண் எரிந்து குழந்தைகள் அழுதன. உடலுக்குள் இருக்கும் வைரஸுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மத்திய சுகாதார அமைச்சகம் அந்த ஏப்ரலிலேயே அது வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

தரைக்கும் கைப்பிடிகளுக்கும்: 30 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் 35 கிராம், 10 லிட்டர் தண்ணீர், பிளாஸ்டிக் வாளி. வாந்தி, மலம் பட்ட இடத்துக்கு அதே தண்ணீரில் பவுடர் மட்டும் இதைப்போல் பத்து மடங்கு. கலக்கி கால் மணி நேரம் தெளிய விட்டு மேல்நீரை எடுங்கள். முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிறகு தெளிக்க வேண்டும், ஏனென்றால் அழுக்கிலேயே குளோரின் தீர்ந்துவிடும். 10 நிமிடம் ஈரமாக இருக்கட்டும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். மூட்டையைத் திறந்தபோது மூக்கைத் துளைக்கும் வாடை வரவில்லையென்றால் அந்தப் பவுடரில் ஒன்றும் மிச்சமில்லை. கழிப்பறை ஆசிட்டோடு சேர்க்காதீர்கள், கிளம்பும் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.

காசநோய், சர்க்கரை மாத்திரை சாப்பிடும் நடைபாதைவாசிகள் ஊரடங்கில் மருந்தை விட்டுவிட்டார்கள். எப்படித் தடுக்கலாம்?
– கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், செங்கல்பட்டு

அம்மா, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 2019இல் இந்தியா முழுக்க 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள், 2020இல் 18 லட்சம். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பதுதான் குறைந்தது. இருமினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று இருமலை மறைத்தவர்கள் எத்தனை பேர்! இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு என்றால் கொரோனா 'இல்லை' என்று வந்ததோடு விட்டுவிடாமல் சளிப் பரிசோதனையும் கேளுங்கள்.

ஆறு மாத மருந்து, எடைக்கு ஏற்ற எண்ணிக்கை: 35 முதல் 49 கிலோ உள்ளவருக்குத் தினம் 3 மாத்திரை, 50 முதல் 64 வரை 4. தெருவில் இருப்பவர் இதை நிறுத்துவதற்கு மறதி அபூர்வமாகவே காரணம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், காலைச் சாப்பாடு கிடைக்காத நாளில் மாத்திரையும் போகும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து ரத்தம் என்று பயப்படுவார்கள். மழையில் மாத்திரை அட்டை நனையும். மாநகராட்சி குப்பை அள்ளும்போது பையும் சேர்ந்து போகும். ஆகவே மாத்திரையை அவரிடம் மொத்தமாகக் கொடுக்காமல், அவர் தினம் டீ குடிக்கும் கடைக்காரரிடமோ கோயில் வாசல் பூக்காரம்மாவிடமோ ஒரு வாரத்துக்குரியதைக் கொடுத்து வைக்கலாம், அவர் சம்மதத்தோடு மட்டும். இட்லியோடு மாத்திரை என்று இணைத்துவிட்டால் விட்டுப்போகாது. நிறம் மாறுவது மருந்தின் சாயம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

காசநோயாளிக்கான ஊட்டச்சத்து உதவித்தொகை 2018 முதல் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். அது வங்கிக் கணக்குக்குத்தான் வரும். சிகிச்சை தொடங்கும் வாரத்திலேயே பூஜ்ய இருப்புக் கணக்கு திறக்க உதவுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீடு தேடிக் கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் தேடி வருகிறவர்களுக்குத் தட்ட ஒரு கதவு வேண்டுமே. காப்பகத்தையோ, அவர் தினம் இருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தையோ பெறுமிடமாக எழுதச் சொல்லுங்கள்.

இன்சுலின் போடுபவருக்குக் குளிர்பெட்டி கிடையாது. பெரிய மண்பானைக்குள் ஈர மணல் நிரப்பி, அதற்குள் சின்னப் பானை, அதில் பிளாஸ்டிக் உறையில் மருந்துக் குப்பி, மேலே ஈரத்துணி. தண்ணீர் குப்பியைத் தொடக் கூடாது. சென்னையின் புழுக்கத்தில் இது மதுரை அளவுக்குக் குளிராது, எனவே நிழலில், காற்றோட்டமாக வைப்பது முக்கியம். திறந்த குப்பியில் தேதி எழுதி 28 நாளில் மாற்றுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, சாப்பாட்டு வண்டி வரும் என்று நம்பி ஊசி போட்டுக்கொண்டு, வண்டி வராமல் போவது. தட்டு கைக்கு வந்த பிறகே ஊசி. வியர்த்து, நடுங்கி, குழறினால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், விழுங்க முடிந்தால் மட்டும்.

காப்பகத்துக்கு அழைத்தாலும் வரமாட்டேன் என்கிறார்களே, ஏன்?
– ஜெ.பி., மயிலாப்பூர்

கணவன் ஒரு காப்பகத்துக்கு, மனைவியும் பிள்ளைகளும் இன்னொன்றுக்கு என்றால் எந்தக் குடும்பம் வரும்? கோயம்பேட்டில் இரவு 1 மணிக்கு மூட்டை தூக்குகிறவருக்கு 9 மணிக்குக் கதவு பூட்டும் இடம் எதற்கு? மீன்பாடி வண்டியை நிறுத்த இடம் இருக்காது, நாயை விட மாட்டார்கள். 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்தில் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம் வேறு. வராததற்குக் காரணம் கேட்டு, கேட்ட காரணத்தைச் சரிசெய்தால் வருவார்கள்.

இங்கிலாந்தில் 2020 மார்ச் 26 அன்று தெருவில் தூங்கும் எல்லோரையும் உள்ளே கொண்டுவரச் சொல்லி அரசு உத்தரவிட்டது. மே மாதத்துக்குள் சுமார் 15,000 பேருக்குக் காலியாகக் கிடந்த ஓட்டல்களிலும் மற்ற இடங்களிலும் அறை கொடுத்தார்கள். அந்த ஏற்பாடும் காப்பகங்களில் எடுத்த முன்னெச்சரிக்கையும் சேர்ந்து முதல் அலையில் 266 மரணங்களைத் தடுத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அங்கே வேலை செய்தது தனி அறை, தனிக் கழிப்பறை. இங்கே நாம் திறந்தவை பள்ளிக்கூட வகுப்பறைகளும் மண்டபங்களும். கூடத்தைவிட வகுப்பறை மேல், குடும்பத்துக்கு ஒரு வகுப்பறை என்று பிரித்துவிடலாம்.

லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும், ஆண்டு முழுவதும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது. 2011 கணக்கில் விரிவாக்கப்பட்ட சென்னையின் மக்கள்தொகை 66 லட்சத்துக்கு மேல். உங்கள் வார்டு உறுப்பினரிடம் நம் பகுதியில் எத்தனை என்று கேளுங்கள், பெண்களுக்கு எத்தனை, குடும்பங்களுக்கு எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள்.

ஆதார் இல்லாதவருக்குத் தடுப்பூசி போட முடியுமா?
– டி.கே., அம்பத்தூர்

கொரோனாவில் முடிந்தது. அடையாள அட்டை இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடும் வழிமுறையை மத்திய அரசு 2021 மே மாதம் வெளியிட்டது. ஒரு பொறுப்பாளர் மூலம் இவர்களைப் பதிவு செய்யலாம். முதல் ஊசி அப்படிப் போய்ச் சேர்ந்தது, இரண்டாவதில்தான் சிக்கல். கோவிஷீல்டுக்கு அப்போது 84 நாள் இடைவெளி. அதற்குள் ஆள் வேறு பாலத்தடிக்குப் போயிருப்பார். பெயரோடு அவர் தூங்குமிடம், வேலை செய்யுமிடம், சாப்பிடுமிடம் மூன்றையும் எழுதி வைத்திருந்தால் தேட முடியும். முகாமைக் காலை 6 மணிக்கு முன்போ இரவு 8 மணிக்குப் பிறகோ அவர்கள் படுக்கும் இடத்திலேயே வையுங்கள். ஊசிக் காய்ச்சலில் மறுநாள் கூலி போகும் என்பதே பெரிய தயக்கம். பாரசிட்டமால் மாத்திரையும் மறுநாள் இரண்டு வேளைச் சாப்பாடும் கொடுத்தால் பாதித் தயக்கம் போய்விடும்.

ஆதாருக்கு, அங்கீகரிக்கப்பட்ட காப்பகத் தலைவர் உரிய படிவத்தில் தரும் சான்று செல்லும். வாக்காளர் பட்டியலில் சேர முகவரிச் சான்று தேவையே இல்லை. படிவம் 6இல் தூங்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து அவர் அங்கே தூங்குகிறாரா என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும். இதை அலுவலருக்கே நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கலாம்.

பாலத்தடியில் மனநிலை பாதித்த ஒரு பெண் இருக்கிறார். தொற்றுப் பயத்தில் யாரும் கிட்டப் போகவில்லை. யாரிடம் சொல்வது?
– வாசகி, பல்லாவரம்

காவல் நிலையத்தில் சொல்லுங்கள் அக்கா, தயங்காமல். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100இன்படி இப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சேர்ப்பது காவல் துறையின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. குடும்பத்தைத் தேடக் காணாமல் போனவர் வழக்கும் பதிய வேண்டும். வீடற்றவருக்கு அரசு மனநலச் சிகிச்சை இலவசம் என்று பிரிவு 18 சொல்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கும் அழைத்துச் செல்லலாம், பெண்கள் உதவி எண் 181. வண்டி வரும் வரை தினமும் ஒரே ஆள், ஒரே நேரத்தில், முகக்கவசத்தைச் சற்றுத் தூரத்தில் இறக்கி முகத்தைக் காட்டிவிட்டுச் சாப்பாட்டை வைத்துவிட்டு வாருங்கள். முகம் மூடிய நாலு பேர் ஒன்றாகச் சூழ்ந்தால் யாருக்கும் பயம் வரும்.

குளியல், சொறி, மாதவிடாய். பெண்களுக்கு எதைக் கொடுத்தால் உதவும்?
– கல்லூரி மாணவிகள் குழு, திருச்சி

முதலில் கழிப்பறைக் காசு. ஒரு முறைக்கு 5 ரூபாய் என்றாலே நாளுக்கு நான்கு முறைக்கு 20 ரூபாய், குளியல் தனி. வருமானம் நின்ற நாளில் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், சிறுநீர்த் தொற்று அங்கேதான் தொடங்குகிறது. கட்டணக் கழிப்பறைக்காரரிடம் மாதப் பணம் கட்டி, பெயர்ப் பட்டியல் கொடுத்து, இரவு 11 மணி வரை திறந்து வைக்கச் சொல்லுங்கள். துணி நாப்கின் கொடுக்கும் முன் துவைத்து வெயிலில் காயப்போட இடம் இருக்கிறதா என்று அவர்களையே கேளுங்கள். இல்லையென்றால் கடை நாப்கின்தான், கூடவே தாள் உறை.

சொறிக்குப் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு, ஒரு ஆளுக்கு ஏறக்குறைய 30 கிராம். இரவில் கழுத்திலிருந்து கால்விரல் இடுக்கு வரை தடவி, 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஏழாம் நாள் மறுபடியும். சேர்ந்து படுக்கும் அத்தனை பேருக்கும் ஒரே இரவில் தடவாவிட்டால் வீண். பழைய துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வைத்தாலே பூச்சி செத்துவிடும், அதற்கு மாற்றுத்துணி ஒரு செட் வேண்டும். குணமான பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும், அதற்காகத் திரும்பத் திரும்பத் தடவ வேண்டாம்.

நடைபாதையில் ஆக்சிமீட்டர் பயன்படுத்தலாமா? 108ஐக் கூப்பிட்டால் முகவரி கேட்கிறார்களே?
– ஆட்டோ ஓட்டுநர், வடபழனி

பயன்படுத்தலாம். 5 நிமிடம் உட்கார வைத்து, விரலைத் துடைத்து, மருதாணி இல்லாத விரலில் மாட்டுங்கள். நேரடி வெயிலில் தவறாகக் காட்டும், கையால் மறைத்துக்கொள்ளுங்கள். எண் ஆடாமல் நின்ற பிறகு எழுதுங்கள். 95 அல்லது அதற்கு மேல் என்றால் 6 மணி நேரம் கழித்து மீண்டும். 94 அல்லது அதற்குக் கீழ் என்றால் மருத்துவமனை. மூச்சு வாங்குவது கண்ணுக்குத் தெரிந்தால் எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

கதவு எண் இல்லாத இடத்துக்கு மெட்ரோத் தூண் எண், மின்கம்ப எண், பேருந்து நிறுத்தம், சாலையின் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லுங்கள். வண்டி வரும் வரை சாலையோரம் நின்று கை காட்ட ஒருவர் வேண்டும். துணைக்கு ஆள் இல்லாதவர் என்பதை ஏற்றும்போதே சொல்லிவிடுங்கள். ஒரு தாளில் அவர் பெயர், சாப்பிடும் மாத்திரை, கடைசியாகக் குடித்த நேரம், வீடு திரும்பும்போது சேர்க்க வேண்டிய காப்பகத்தின் பெயர், ஒரு கைப்பேசி எண் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் ஊக்கு குத்தி விடுங்கள். அவருடைய பையையும் தள்ளுவண்டியையும் பார்த்துக்கொள்வதாக யாராவது அவரிடம் சொல்ல வேண்டும், அதைக் கேட்டால்தான் பலர் ஆம்புலன்சில் ஏறச் சம்மதிப்பார்கள்.